பாதுகாப்பு அலுவலரின் சம்பளம்



சென்ற மாதம் எங்கள் தெருவில் குடியிருக்கும் ஓர் இளைஞன் என்னைப் பார்க்க வந்தான். எந்திரவியலில் பட்டம் பெற்றவன். ஒரு தொழிற்சாலையில் இரண்டாண்டுக் காலம் மேற்பார்வையாளனாக இருந்துவிட்டு, அதன் பின்னர் ஓராண்டு படித்துத் தொழிலகப் பாதுகாப்பில் பட்டயமும் வாங்கியிருக்கிறான். நான் அந்தத் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவன் என்பது அவனுக்குத் தெரியும். வந்தவன் சிறிது நேரம் என் வீட்டுத் தோட்டத்தைப் பாராட்டினான், காப்பியைக் குடித்தான், பிறகு தயங்கித் தயங்கி, "ஐயா, கேட்கலாமோ கூடாதோ தெரியவில்லை. இந்த வேலையில் என்ன சம்பளம் கிடைக்கும்? அதை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் நடத்த முடியுமா?" என்றான்.

கேள்வியைக் காட்டிலும் அவன் தயக்கந்தான் எனக்கு வியப்பளித்தது. உயிரைக் காக்கும் தொழில் என்று சொல்லிவிட்டால், அதில் பணத்தைப் பற்றிப் பேசுவது பண்பாகாது என்று நம்மவரிடையே ஒரு கூச்சம் உண்டு. இன்று அந்தக் கூச்சத்தை ஒதுக்கி வைத்துவிட்டே உங்களிடம் பேசப் போகிறேன். சுழலும் பல்சக்கரத்தின்மேல் ஓர் இரும்பு மூடி போட்டிருக்கிறார்களே, அது தொழிலாளியின் விரலைக் காக்கிறது. பாதுகாப்பு அலுவலரின் சம்பளமும் அப்படிப்பட்ட ஒரு மூடியே என்பது என் கருத்து. அந்தக் கருத்து எனக்கு எந்த நூலிலிருந்தும் வரவில்லை. அது வந்த வழியைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் இந்த அலுவலர் யார் என்று பார்ப்போம். இந்தியாவில் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881-ஆம் ஆண்டில் வந்தது. சுதந்திரம் பெற்ற மறு ஆண்டில், 1948-இல், விரிவான தொழிற்சாலைச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. ஓடும் எந்திரத்தின் ஆபத்தான பகுதிகளுக்கு வேலி போட வேண்டும் என்று அதன் 21-ஆம் பிரிவு கூறியது. வேலி போடுவது உரிமையாளரின் கடமை. போட்டிருக்கிறாரா என்று வந்து பார்ப்பது அரசாங்கத்து இன்ஸ்பெக்டரின் கடமை. இன்ஸ்பெக்டரோ எப்போதோ ஒரு நாள் வருபவர். எந்திரம் நாள்தோறும், சில ஆலைகளில் இரவு பகலாகவும், ஓடிக்கொண்டிருப்பது. இந்த இடைவெளியில்தான் எத்தனையோ விரல்கள் போயின. ஆகவே 1976-இல் சட்டத்தைத் திருத்தி, 40-பி என்ற பிரிவைச் சேர்த்தார்கள். ஆயிரம் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்சாலைகளிலும், ஆள் குறைவாயினும் உடம்புக்குத் தீங்கு விளையக்கூடிய வேலை நடக்கும் தொழிற்சாலைகளிலும், அரசு அறிவிக்குமானால், பாதுகாப்பு அலுவலரை நியமித்தே ஆக வேண்டும் என்பது அப்பிரிவு. அன்று முதல் ஆலைக்கு உள்ளேயே, நாள் முழுவதும் இருந்து கவனிக்கும் ஒருவர் உண்டானார்.

இங்கே ஒரு சிக்கலைக் கவனியுங்கள். இன்ஸ்பெக்டருக்குச் சம்பளம் தருவது அரசாங்கம். பாதுகாப்பு அலுவலருக்குச் சம்பளம் தருபவர் தொழிற்சாலையின் உரிமையாளர். உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டும் என்பது நம் ஊர் வழக்கு. அந்த உப்பிட்டவரிடமே போய், "இந்த எந்திரத்தை நிறுத்துங்கள், இன்று சரக்குப் போகாவிட்டாலும் குற்றமில்லை" என்று சொல்ல வேண்டிய வேலை இவருக்கு. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அதுவும் உண்டு. தொழிலாளிக்குச் சங்கம் உண்டு. மேலாண்மையில் சேர்ந்தவராகக் கருதப்படுவதால், பாதுகாப்பு அலுவலர் தொழிலாளரின் சங்கத்தில் சேர்வதில்லை. முதலாளிகளின் கூட்டத்திலும் அவருக்கு இடம் இல்லை.

மாதிரி விதிகளை எழுதியவர்கள் இந்தச் சிக்கலை அறியாதவர்கள் அல்லர். அவற்றைப் பின்பற்றி மாநிலங்கள் வகுத்த விதிகளைப் படித்துப் பார்த்தால், எழுதியவர் தொழிற்சாலையின் உள்ளே நடப்பதை அறிந்தவர் என்பது தெரியும். பாதுகாப்பு அலுவலருக்கு மூத்த அதிகாரியின் நிலை தர வேண்டும். அவர் தொழிற்சாலையின் தலைமை அதிகாரிக்கு நேரடியாகக் கீழே வேலை செய்ய வேண்டும்; உற்பத்தி மேலாளருக்குக் கீழே அன்று. அதே நிலையிலுள்ள மற்ற அதிகாரிகளுக்கு என்ன சம்பளமும் படியும் உண்டோ அவையே இவருக்கும் உண்டு. பாதுகாப்புக்குச் சம்பந்தமில்லாத வேறு வேலை எதையும் இவர் தலையில் கட்டக் கூடாது. இவற்றுடன் எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்றும் இருந்தது: அந்தப் பகுதியில் பெரும்பாலான தொழிலாளர் பேசும் மொழி இவருக்குப் போதிய அளவு தெரிந்திருக்க வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அது எனக்குத் தாய்மொழியாக இருந்தது. இன்று திருப்பெரும்புதூர், ஒரகடம் பக்கத்து ஆலைகளுக்குள் போனால் இந்தியும் ஒடியாவும் வங்காளமும் காதில் விழுகின்றன. எச்சரிக்கைப் பலகையைத் தமிழில் மட்டும் எழுதி வைத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று இருப்பவர், விதியின் சொல்லையும் காக்கவில்லை, பொருளையும் காக்கவில்லை.

சம்பளத்தைப் பற்றிய விதிக்கு வருவோம். எந்திரம், ரசாயனம், நெருப்பு இவற்றைப் பற்றிப் பேச வேண்டிய ஒரு விதித்தொகுப்பில், ஒருவருடைய சம்பளத்தைப் பற்றி ஏன் எழுதினார்கள்? விதியைப் படித்த நாளில் எனக்கு அது விளங்கவில்லை. விளங்கியது 1989-இல்.

அப்போது நான் சென்னையை அடுத்த ஒரு தொழிற்பேட்டையில், தகடுகளை வெட்டி வளைக்கும் ஆலை ஒன்றில் சேர்ந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது. மாதச் சம்பளம் 2,100 ரூபாய். வீட்டு வாடகை 650 ரூபாய். வீட்டுக்கு முன்பணம் கொடுப்பதற்காக அலுவலகத்திலேயே கடன் வாங்கியிருந்தேன். அதற்கு மாதம் 200 ரூபாய் பிடித்தார்கள். தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த காலம். இன்னும் ஒரு மாதம் போனால் என் தகுதிகாண் பருவம் முடிந்து வேலை நிரந்தரமாகும். அதற்கான அறிக்கையில், விதிப்படி ஆலையின் தலைவர் கையெழுத்திட வேண்டும். எங்கள் ஆலையிலோ உற்பத்தி மேலாளர் கையெழுத்திடுவது வழக்கமாக இருந்தது.

பவர் பிரஸ் என்ற எந்திரத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். மேலே ஓர் அச்சு, கீழே ஓர் அச்சு. நடுவில் தகட்டை வைத்தால், மேலச்சு பல டன் எடையோடு இறங்கித் தகட்டை வெட்டும். தகட்டை வைக்கும் கை உள்ளே இருக்கும்போது அச்சு இறங்கக் கூடாதல்லவா? அதற்காக ஒன்றுக்கொன்று எட்டி இரண்டு பொத்தான்கள் வைத்திருப்பார்கள். இரண்டையும் இரு கைகளாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் அச்சு இறங்கும். இரு கைகளும் பொத்தானில் இருக்கும்போது விரல் அச்சுக்கடியில் இருக்க வழியில்லை. எளிய ஏற்பாடு, ஆனால் சிறந்த ஏற்பாடு. ஒரு நாள் இரண்டாம் ஷிப்டில் சுற்றி வந்தபோது, ஒரு பிரஸ்ஸில் இடப்பக்கத்துப் பொத்தானை ஒரு மரச் சீவலைச் செருகி நிரந்தரமாக அழுத்தி வைத்திருப்பதைக் கண்டேன். ஒரு கையால் பொத்தானைத் தட்டிக்கொண்டு, மறு கையால் தகட்டைத் தள்ளினால் வேலை விரைவாக நடக்கும். மணிக்கு நூறு எண்ணிக்கை கூடுதலாக வரும்.

நான் உற்பத்தி மேலாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் கொடியவர் அல்லர்; என்னைவிட வயதில் மூத்தவர்; என்னிடம் அன்பாகவே இருந்தவர். "மாதக் கடைசி, தம்பி. நாளை மறுநாள் லாரி போக வேண்டும். போனதும் நானே எடுத்துவிடச் சொல்கிறேன்" என்றார். நான் என் குறிப்பேட்டில் நாளையும் எந்திரத்தின் எண்ணையும் எழுதிக்கொண்டு திரும்பிவிட்டேன். அந்த நடைக்கு ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். அந்த ஐந்து நிமிஷத்தில் என் மனத்தில் ஓடியது பிரஸ் அன்று. வாடகையும், கடனும், கையெழுத்தும்.

மறுநாள் மாலை அந்த எந்திரத்தில் ஓர் இளைஞருக்கு வலக்கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின.

1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் பின்னிணைப்பாக ஓர் அட்டவணை இருந்தது. மனித உடம்பை உறுப்பு உறுப்பாகப் பிரித்து, எது போனால் சம்பாதிக்கும் திறனில் நூற்றுக்கு எவ்வளவு போகும் என்று கணக்கிட்டு வைத்த அட்டவணை. ஆள்காட்டி விரல் முழுவதும் போனால் 14. நடுவிரல் முழுவதும் போனால் 12. கட்டைவிரல் போனால் 30. ஒரு கையில் இரண்டு விரல்கள் போனால் 20. தனித்தனியே கூட்டினால் 26 வருகிறதே, சேர்ந்து போனால் ஏன் 20 என்று அன்றிரவு நான் மறுபடியும் மறுபடியும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அட்டவணைக்கு ஏதேனும் நியாயம் இருக்கலாம். அந்த இளைஞர் பின்னர் வேறு வேலையில், கதவருகே அனுமதிச் சீட்டுப் பார்க்கும் வேலையில், அமர்த்தப்பட்டார். நான் நாள்தோறும் காலையில் அவரைக் கடந்தே உள்ளே போவேன். அவர் இடக் கையால் வணக்கம் சொல்வார்.

விசாரணைக்கு வந்த இன்ஸ்பெக்டர் என் குறிப்பேட்டைப் புரட்டினார். "நீர் எழுதியிருக்கிறீர், நல்லது. ஏன் நிறுத்தவில்லை?" என்று கேட்டார். பாதுகாப்பு அலுவலரின் கடமை ஆலோசனை சொல்வதும் உதவுவதும். நிறுத்தும் அதிகாரத்தை விதி எனக்குத் தரவில்லை என்று சட்டம் பேசினேன். அது உண்மையே. ஆனால் நேராக ஆலைத் தலைவரின் அறைக்குப் போய்ச் சொல்லியிருந்தால் பத்து நிமிஷத்தில் எந்திரம் நின்றிருக்கும் என்பதும் உண்மை. அதைச் செய்ய எனக்கு அறிவு குறைவில்லை. ஒரு மாதச் சம்பளத்தை இழந்தாலும் சமாளிக்கலாம் என்ற நிலை இல்லை. அவ்வளவுதான்.

இதைக் கேட்டதும் உங்களில் ஒருவர், "வறுமையிலும் நேர்மை தவறாதவர்கள் எத்தனையோ பேர் இல்லையா?" என்று கேட்கலாம். உண்டு, அவர்களை வணங்குகிறேன். ஆனால் ஆயிரம் பேரின் கைகால்களை ஒருவருடைய வீரத்தை நம்பி விடுவது பொறியியல் ஆகாது. கயிறு ஒரு டன் தாங்கினால் போதும் என்ற இடத்தில் ஐந்து டன் தாங்கும் கயிற்றைக் கட்டுகிறோம் அல்லவா? மனிதருக்கும் அந்த அளவு மிச்சபலம் இருக்க வேண்டும்.

உரிமையாளர் பக்கத்தையும் சொல்லிவிடுவது முறை. அவருக்கு இந்தச் சம்பளம் வீண் செலவாகத் தோன்றுவது இயற்கை. புதிய எந்திரம் வாங்கினால் எண்ணிக்கை கூடுவது கண்ணுக்குத் தெரிகிறது. நடக்காத விபத்துக்கு ரசீது கிடையாது. ஐந்தாண்டு ஒரு விபத்தும் நேரவில்லை என்றால், "இவர் எதற்கு?" என்ற எண்ணமே முதலில் வரும். 1984 டிசம்பர் 2-ஆம் நாள் இரவு போபாலில் விஷவாயு கசிந்தபோது, அந்த ரசாயனத்தைக் குளிர்ச்சியாக வைத்திருக்க வேண்டிய குளிரூட்டும் சாதனம் சில மாதங்களாகவே நிறுத்தப்பட்டிருந்தது. கசியும் வாயுவை எரித்துவிட வேண்டிய உயர்ந்த குழாயும் பழுது பார்ப்பதற்காக இணைப்பு நீக்கப்பட்டிருந்தது. ஒவ்வொன்றையும் நிறுத்தியபோது யாரோ ஒருவருக்குச் செலவு மிச்சமாகத்தான் தெரிந்திருக்கும். அதன் பிறகே, 1987-இல், அபாயம் மிகுந்த தொழில்களுக்கென்று தனி அத்தியாயமே சட்டத்தில் சேர்ந்தது.

இனி அந்த இளைஞன் கேட்ட கேள்விக்கு நேராக வருகிறேன். சம்பளம் எவ்வளவு?

அரசாங்கமும் பொதுத்துறையும் என்றால் கணக்கு வெளிப்படையானது. மத்திய அரசின் முதல் வகுப்புப் பொறியாளர் பதவிகளில் புதிதாகச் சேர்பவருக்கு, ஏழாவது ஊதியக் குழுவின்படி 2016 சனவரி முதல் வகுக்கப்பட்ட அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய். மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களில் 2017 சனவரி முதல் வகுத்த வீதங்களில், கீழ்நிலை அதிகாரிக்கு உரிய இ-1 என்ற படிநிலை 40,000 ரூபாயில் தொடங்கி 1,40,000 வரையிலும், அதற்கு மேற்பட்ட இ-2 என்பது 50,000-இல் தொடங்கி 1,60,000 வரையிலும் செல்கின்றன. இவை அடிப்படை மட்டுமே. இதன்மேல்தான் படிகள்.

படி என்றவுடன் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். விலைவாசி ஏறும்போது சம்பளத்தோடு சேர்த்துத் தரும் தொகையை இன்று அகவிலைப்படி என்கிறோம். என் தந்தையார் காலத்தில் பஞ்சப்படி என்பார்கள். கிராக்கிப்படி என்றும் வழங்கிற்று. அகவிலை என்பது பழைய, அழகிய சொல். தானியத்தின் விலை என்பது அதன் பொருள். ஆயினும் பஞ்சப்படி என்ற சொல்லில் இருந்த உண்மை இதில் சற்று மங்கிவிட்டதாகவே எனக்குத் தோன்றுகிறது. உலகப் போர்க் காலத்தில் அரிசி விலை ஏறியபோது வயிறு காயாமல் இருப்பதற்கென்று பிறந்த படி அது.

அந்தப் படியை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? மத்திய அரசின் தொழிலாளர் செயலகம், தொழில்துறைத் தொழிலாளர்க்கான நுகர்வோர் விலைக் குறியீட்டெண் என்ற ஒன்றை மாதந்தோறும் வெளியிடுகிறது. நாட்டின் 88 தொழில் மையங்களில் 317 சந்தைகளில் விலைகளைத் திரட்டுகிறார்கள். சென்னை, கோயம்புத்தூர், மதுரை, சேலம், குன்னூர் முதலியன அவற்றுள் அடங்கும். 2016-ஆம் ஆண்டில் ஒரு தொழிலாளர் குடும்பம் வாங்கிய பண்டங்களின் விலையை 100 என்று வைத்துக்கொண்டால், இன்று அதே பண்டங்களுக்கு எவ்வளவு ஆகும் என்பதே அந்த எண். 2024-ஆம் ஆண்டின் நடுவில் அது 140-ஐக் கடந்தது. அதாவது, 2016-இல் 25,000 ரூபாய் வாங்கியவர், 2024-இல் 35,000 ரூபாய் வாங்கினால்தான் ஏறாமல் இறங்காமல் இருந்த இடத்தில் நிற்கிறார் என்று பொருள். அவருக்குச் சம்பளம் 33,000 ஆகியிருந்தால், அவர் உயர்வு பெற்றதாக மகிழ்ந்திருப்பார், உண்மையில் இறங்கியிருக்கிறார்.

பொதுத்துறை அதிகாரிக்கு மூன்று மாதத்துக்கொருமுறை இந்த எண்ணைப் பார்த்துப் படியை மாற்றுகிறார்கள். மத்திய அரசு ஊழியருக்கு ஆண்டில் இரண்டு முறை. பழைய ஆலைகளில் தொழிலாளருக்கும் சங்க ஒப்பந்தப்படி இது கிடைக்கிறது. தனியார் ஆலையில் சேரும் இளம் பாதுகாப்பு அலுவலருக்கோ பெரும்பாலும் ஒட்டுமொத்தச் சம்பளம். ஆண்டுக்கொரு முறை உயர்வு. அதுவும் மேலதிகாரியின் மதிப்பீட்டைப் பொறுத்தது. இருபது ஆண்டு சர்வீஸ் உள்ள தொழிலாளி தம்மைக் காக்க வந்த அலுவலரைவிட அதிகம் வாங்கும் ஆலைகளை நான் பார்த்திருக்கிறேன். அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் வேலையில் சேர்பவர் தெரிந்துகொண்டு சேர வேண்டும்.

குறியீட்டெண்ணின் உள்ளேயும் ஒரு செய்தி இருக்கிறது. 1960-ஐ அடிப்படையாகக் கொண்ட பழைய வரிசையில், குடும்பச் செலவில் நூற்றுக்கு ஏறத்தாழ அறுபது பங்கு உணவுக்கே போயிற்று. 2001-இன் வரிசையில் உணவின் பங்கு 46.20. 2016-இன் வரிசையில் 39.17. அதே நேரத்தில் வீட்டு வாடகையின் பங்கு 15.27-இலிருந்து 16.87 ஆகவும், கல்வி, மருத்துவம், போக்குவரத்து முதலிய இதரச் செலவுகளின் பங்கு 23.26-இலிருந்து 30.31 ஆகவும் கூடியுள்ளன. சோற்றுக் கவலை குறைந்து, கூரைக் கவலையும் பள்ளிக்கூடக் கவலையும் வளர்ந்திருக்கின்றன.

கூரையின் விலை ஊருக்கு ஊர் வேறு. அரசாங்கமே இதை ஒப்புக்கொண்டு, ஊர்களை மூன்று வகையாகப் பிரித்திருக்கிறது. சென்னை முதல் வகை. கோவை, மதுரை, திருச்சி, சேலம் இரண்டாம் வகை. சிறிய ஊர்கள் மூன்றாம் வகை. 2024 சனவரியில் அகவிலைப்படி அடிப்படைச் சம்பளத்தில் பாதியை எட்டியபோது, வீட்டு வாடகைப் படி இம்மூன்றுக்கும் முறையே நூற்றுக்கு 30, 20, 10 என்றாயிற்று. 56,100 ரூபாய் வாங்குபவருக்குச் சென்னையில் 16,830 ரூபாய். சிற்றூரில் 5,610 ரூபாய். ஒரே பதவி, ஒரே வேலை; ஊர் மாறினால் 11,220 ரூபாய் மாறுகிறது.

அரசு வேலையும் பொதுத்துறை வேலையும் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. மற்றவர்கள் போகுமிடங்களைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்கிறேன். கட்டட வேலைகளில் ஒப்பந்தக்காரர் ஒருவர் பாதுகாப்பு அலுவலரை நியமிக்கிறார். ஒப்பந்தப் பத்திரத்தில் ஒருவர் இருக்க வேண்டும் என்று எழுதியிருப்பதால் நியமிக்கிறார். சில இடங்களில் அவரே வருகைப் பதிவும் எடுப்பார், சிமெண்டு மூட்டையும் எண்ணுவார். வேறு வேலை தரக் கூடாது என்ற விதியை அங்கே யாரும் நினைவுகூர்வதில்லை. அப்படிப்பட்ட இடத்துச் சம்பளம் குறைவு; குறைவாக இருப்பதற்குக் காரணம், அவரிடம் அவர்கள் வாங்குவது வேலையை அன்று, அவருடைய பெயரை.

வளைகுடா நாடுகளில் நம் பிள்ளைகள் பலர் இத்துறையில் இருக்கிறார்கள். தங்க இடமும் ஏறிச் செல்லப் பேருந்தும் நிறுவனமே தரும். ஐக்கிய அரபு நாடுகளில் சம்பளத்துக்கு வருமான வரியும் இல்லை. மிச்சம் பிடிக்க வழியுண்டு. ஆனால் அங்கே வசிக்கும் உரிமை பெரும்பாலும் வேலையோடு கட்டப்பட்டது. வேலை போனால் ஊருக்குத் திரும்ப வேண்டும். தரகருக்குக் கடன் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனவர், அந்தக் கடன் தீரும்வரை, "நிறுத்துங்கள்" என்ற சொல்லை எவ்வளவு உரக்கச் சொல்வார் என்பதை என் 1989-ஆம் ஆண்டுக் கதையிலிருந்து நீங்களே ஊகிக்கலாம். இதனோடு ஒன்று: பதினைந்து நாளில் சான்றிதழ், உடனே வெளிநாட்டு வேலை என்று விளம்பரம் செய்யும் இடங்களில் தாய்மாரின் நகையை அடகு வைத்துப் பணம் கட்டாதீர்கள். தொழிற்சாலை விதிகள் கேட்ட படிப்பு வேறு. சென்னையிலுள்ள மண்டலத் தொழிலாளர் நிலையத்தில் நடக்கும் ஓராண்டுப் பட்டயம், திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் உள்ள முதுகலைப் படிப்பு போன்றவையே நிலைத்த பயன் தருவன.

வேலைகளின் எண்ணிக்கை இனிக் கூடும் என்றே நினைக்கிறேன். நாடாளுமன்றம் 2020-இல் நிறைவேற்றிய புதிய பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. ஆயிரம் என்றிருந்த எண்ணிக்கையை அது 500 ஆக்கியது, அபாயத் தொழில்களுக்கும் கட்டட வேலைக்கும் 250, சுரங்கங்களுக்கு 100. அலுவலர்கள் கூடுவார்கள். அவர்கள் யாருக்குக் கீழே, என்ன சம்பளத்தில் இருப்பார்கள் என்பதைத்தான் நான் கவலையோடு பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த இளைஞன் சென்ற வாரம் மறுபடியும் வந்தான். இப்போது அவன் கையில் இரண்டு நியமனக் கடிதங்கள் இருந்தன. ஒன்று சென்னைப் புறநகரில் ஒரு பெரிய ஆலை. மாதம் 42,000 ரூபாய். மற்றொன்று ஒரு சிறிய ஊரிலுள்ள ஆலை, 34,000 ரூபாய். "முதலாவதே நல்லது அல்லவா, ஐயா?" என்றான். இருவரும் தாளும் பென்சிலுமாக உட்கார்ந்தோம்.

42,000 என்பது அவன் கைக்கு வரும் பணம் அன்று. அவனுக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு. அடிப்படைச் சம்பளம் 21,000. அதற்கு நூற்றுக்கு 12 வீதம் நிறுவனம் செலுத்தும் வருங்கால வைப்புநிதி 2,520, பணிக்கொடைக்கென ஒதுக்கும் 1,010, காப்பீட்டுக்கு 470. ஆக 4,000 ரூபாய் முதலிலேயே போய், 38,000 நிற்கிறது. அவன் பங்கு வைப்புநிதி 2,520 போனால் 35,480. ஆலைக்கு எட்டும் தூரத்தில் வீட்டு வாடகை 13,000. போகவர 2,500. மிச்சம் 19,980 ரூபாய். இரண்டாவது கடிதத்திலும் அதே முறையில் கழித்தோம். 34,000-இல் 3,000 போய் 31,000. அவன் பங்கு 2,040 போய் 28,960. குவார்ட்டர்ஸ் உண்டு, அதற்கு 1,500 மட்டுமே பிடிப்பார்கள். ஆலைக்கு நடந்தே போகலாம். மிச்சம் 27,460. எட்டாயிரம் குறைவான கடிதம், 7,480 ரூபாய் அதிகமாக வீட்டுக்குக் கொண்டுவருகிறது. அவன் முகத்தில் தோன்றிய வியப்பைப் பார்க்க வேண்டுமே!

"சரி, இப்போது இரண்டாம் பக்கத்தைத் திருப்பு" என்றேன். முதல் கடிதத்தில், பாதுகாப்பு அலுவலர் ஆலைத் தலைவரிடம் நேரடியாக அறிக்கை தருவார் என்று எழுதியிருந்தது. இரண்டாவதில், உற்பத்தி மேலாளருக்குக் கீழே பணிபுரிவார் என்றும், ஆண்டு உயர்வை அவரே பரிந்துரைப்பார் என்றும் இருந்தது.

இளைஞன் வெகுநேரம் பேசவில்லை. அவனுக்குத் தந்தையார் இல்லை; தாயாரும் படிக்கும் தம்பியும் இருக்கிறார்கள். 7,480 ரூபாய் அந்த வீட்டில் பெரிய தொகை. அதைக் கையில் மிச்சமாக வைத்திருப்பவனுக்குத் தைரியமும் சற்று மிச்சமாக இருக்கும் என்பதை நானே சற்று முன்புதான் அவனுக்குச் சொல்லியிருந்தேன். கணக்கு ஒரு பக்கம் இழுக்க, அந்த ஒற்றை வரி மறுபக்கம் இழுத்தது. இன்னதைத் தேர்ந்தெடு என்று நான் சொல்லவில்லை. சொல்லும் தகுதி எனக்கு உண்டா என்றும் தெரியவில்லை. கடைசியில் அவனே, "அந்த ஒரு வரியை மாற்றித் தருவார்களா என்று சிறிய ஊருக்கு எழுதிக் கேட்கிறேன், ஐயா" என்றான். கடிதத்தை என் மேசையிலேயே உட்கார்ந்து எழுதினான். ஓரிடத்தில் மட்டும், "தாழ்மையுடன்" என்று எழுதியிருந்ததை நான் அடித்துவிட்டு, "விதிகளின்படி" என்று மாற்றினேன். பதில் இன்னும் வரவில்லை.